ஒளியே உளியாக

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கடற்கரையை ஒட்டிச் சாளுவன்குப்பம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே அதிரணசண்டம் என்று பெயர் பெற்ற ஒரு குடைவரைக் கோயில் உண்டு. அதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும், எதிர்ப்பக்கச் சுவரில் நாகரி எழுத்திலும் வடமொழிச் சுலோகங்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1300 ஆண்டுகளாகக் கடற்காற்று அவற்றின்மீது வீசிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் எழுத்துக்கள் இன்றும் விளங்குகின்றன. நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்வதுண்டு. ஓர் எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்து, "இவ்வெழுத்தை வெட்டியவன் உளியை எப்படிச் சாய்த்துப் பிடித்திருப்பான், சொல்லுங்கள்" என்று கேட்பேன். பிள்ளைகள் தங்கள் கையையே உளியாகச் சாய்த்துக் காட்டுவார்கள்.

அப்படிச் சாய்த்துக் காட்டிய பிள்ளைகளுள் ஒருவர் இன்று செங்கற்பட்டுக் கடைத்தெருவில் பெயர்ப்பலகை செய்யும் கடை வைத்திருக்கிறார். அவருடைய கடையில் உளியும் இல்லை, கொட்டாப்புளியும் இல்லை. கண்ணாடி மூடியிட்ட பெரிய பெட்டி போன்ற பொறி ஒன்று இருக்கிறது. அதனுள் மரப்பலகையை வைத்து மூடினால், சிறிது நேரத்தில் எழுத்தும் படமும் பொறிக்கப்பட்டு வெளிவருகின்றன. வெட்டும் கருவி எதுவும் பலகையைத் தொடுவதில்லை. ஒளி மட்டுமே அதன்மேல் படுகிறது. ஒளி எவ்வாறு உளியாகிறது என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாமெல்லோரும் சிறு வயதில் ஒரு விளையாட்டு விளையாடியிருப்போம். உருப்பெருக்குக் கண்ணாடியை வெயிலில் பிடித்து, அதன் ஒளியைக் காகிதத்தின்மேல் ஒரு புள்ளியாகக் குவித்தால், காகிதம் கருகிப் புகையும். பரந்து விழும் வெப்பத்தை ஓர் இடத்தில் கூட்டுவதால் நேர்வது அது. லேசர்ப் பொறியிலும் நடப்பது அடிப்படையில் இதுவே. ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் தரும் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். கடையிலுள்ள 60 வாட் லேசர், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள புள்ளியில் குவிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அப்புள்ளியில் விழும் ஒளியின் செறிவு வெயிலைப்போல 70 இலட்சம் மடங்குக்கு மேல் வருகிறது. 60 வாட் என்பது பழைய குண்டு விளக்கின் ஆற்றல்தான். விளக்கில் அது அறை முழுதும் பரவிற்று. இங்கே ஊசி முனையில் நிற்கிறது.

சாதாரண விளக்கொளியை அவ்வளவு சிறிய புள்ளியாக ஏன் குவிக்க இயலாது என்று கேட்கலாம். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் தத்தம் போக்கில் நடக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அவர்களுடைய வலிமை எங்கும் ஒன்று சேர்வதில்லை. அந்த ஆயிரம் பேரும் வடம் பிடித்து, ஒரே குரலுக்கு ஒரே திசையில் இழுத்தால் தேர் நகர்கிறது. விளக்கொளி கூட்டத்து மக்களைப் போன்றது. லேசர் ஒளி வடம் பிடித்தவர்களைப் போன்றது. அதன் அலைகள் யாவும் ஒரே நீளமுடையவை. ஒரே திசையில் செல்பவை. ஒன்றோடொன்று அடி பிசகாமல் எழுந்து விழுபவை. இது கருதியே தமிழில் சிலர் இதனைச் சீரொளி என வழங்குகின்றனர்.

ஆற்றல் ஊட்டப்பட்ட ஓர் அணுவின் அருகே தக்க ஒளி சென்றால், அவ்வணுவும் அதே போன்ற ஒளியை வெளிவிடும் என்ற உண்மையை ஐன்ஸ்டீன் 1917-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரு முனைகளிலும் ஆடிகளை வைத்து அவ்வொளியை முன்னும் பின்னும் ஓடச் செய்தால், அது மேலும் மேலும் பெருகும். ஓர் ஆடியைச் சிறிதளவு ஒளி கசியுமாறு அமைத்துவிட்டால், அதன் வழியே சீரான ஒளிக்கற்றை வெளிவரும். அமெரிக்க விஞ்ஞானி மெய்மன் 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாணிக்கக் கோல் ஒன்றைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார்.

மரத்தையும் அக்ரிலிக்கையும் பொறிக்கும் லேசரோ ஓர் இந்தியரின் கண்டுபிடிப்பு. மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனேயில் பொறியியல் கற்று, அமெரிக்கா சென்ற குமார் படேல் என்பவர், அங்கே பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-இல் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். நாம் மூச்சில் வெளிவிடும் அதே கரியமில வாயுதான். அதனோடு நைட்ரஜனும் ஹீலியமும் கலந்து கண்ணாடிக் குழாயில் அடைத்து, மின்சாரம் செலுத்துகிறார்கள். மின்சாரத்தின் ஆற்றலை நைட்ரஜன் வாங்கிக் கரியமில வாயுவுக்குக் கொடுக்கிறது; கரியமில வாயு அதனை ஒளியாக வெளிவிடுகிறது. அவ்வொளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் 10.6 கூறு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அத்தகைய ஒரு கூறினைக்கூட எட்டுவதில்லை. ஆகவே இந்த உளி கண்ணுக்குப் புலப்படாது. பலகையில் எழும் சிறு பொறியையும் புகையையும் கொண்டே அது வேலை செய்வதை அறிகிறோம்.

குழாயிலிருந்து வரும் கற்றையை மூன்று ஆடிகள் திருப்பிவிட, ஒரு வில்லை அதனைப் பலகைமேல் குவிக்கிறது. வில்லையைத் தாங்கிய தலை, நெசவாளியின் ஓடம்போல் இடமும் வலமும் ஓடுகிறது. ஒரு வரி முடிந்ததும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்து அடுத்த வரியை எழுதுகிறது. எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒளி விழும். வேண்டாத இடத்தில் அணையும். 20 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பலகைக்கு 1000 வரிகள் வேண்டும். நொடிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் வரிக்கு ஒரு நொடி. ஆக 1000 நொடி, அதாவது ஏறத்தாழ 17 நிமிடம். தலை திரும்பும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைத்து ஆற்றலைக் கூட்டினால் பலகை பொறிக்கப்படுவதற்கு மாறாக அறுபட்டுவிடும். பொறிப்பதும் அறுப்பதும் ஒரே உளியின் இரு வேலைகள்.

இனி, பொருள்களின் இயல்பைப் பார்ப்போம். மரம் இவ்வொளியை நன்றாக உறிஞ்சி, உருகாமல் கரிந்து ஆவியாகிறது. கரிந்த இடம் பழுப்பாகவோ கருமையாகவோ நிற்பதால் மை பூசவேண்டிய தேவை இல்லை. ஆனால் மரம் எங்கும் ஒருதன்மையாக இருப்பதில்லை. ஆண்டு வளையங்களில் மென்மையான பகுதி ஆழமாகவும், வன்மையான பகுதி மேலோட்டமாகவும் எரியும். தேக்கில் எழுதிய கோட்டை உற்றுப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். ஒட்டுப்பலகையிலோ ஏடுகளுக்கு நடுவேயுள்ள பசை ஒளியைத் தடுக்கும். புகைக்கறை படியாதிருக்க, பலகையின்மேல் காகித நாடாவை ஒட்டி, அதன் மீதே பொறித்துப் பின் உரித்தெடுப்பது தொழிலறிந்தவர் வழக்கம்.

அக்ரிலிக் வேறு இயல்புடையது. நம் கண்ணொளி அதனை ஊடுருவிச் செல்லும். கரியமில வாயு லேசரின் ஒளியோ அதனுள் புகமுடியாமல் மேற்பரப்பிலேயே தடைப்பட்டு உறிஞ்சப்படும். இதனாற்றான் பொறியின் மூடியையே அக்ரிலிக்கினால் செய்ய முடிகிறது. மலிவாகக் கிடைக்கும் நீலநிற லேசர்களின் ஒளி, கண்ணொளியைச் சேர்ந்தது; அது தெளிந்த அக்ரிலிக்கைக் கீறாமலே கடந்து போய்விடும். நீல லேசரை வாங்கிவிட்டுத் தெளிந்த அக்ரிலிக்கில் எழுத முடியவில்லையே என்று வருந்துவோர் இதனை முன்பே அறிந்திருத்தல் நலம்.

அக்ரிலிக் தகடுகளிலும் இருவகை உண்டு. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வார்த்துச் செய்வது ஒன்று. இடியாப்பம் பிழிவதுபோல் அச்சின் வழியே பிதுக்கிச் செய்வது மற்றொன்று. வார்த்த தகட்டில் பொறித்தால் எழுத்து பனிபடர்ந்தாற்போல் வெண்மையாக வரும். பிதுக்கிய தகட்டில் உருகி மங்கலாக வரும்; வெண்மை தோன்றாது. வார்த்த தகட்டின் ஓரத்தில் சிறு விளக்கு ஒன்றை வைத்தால், ஒளி தகட்டின் உள்ளேயே மோதி மோதி ஓடி, எழுத்துப் பள்ளங்களில் மட்டும் வெளிப்படும். கடைகளின் முகப்பில் எழுத்து மட்டும் ஒளிர்ந்து நிற்பதன் சூத்திரம் இதுவே. அறுத்த ஓரத்தைச் சாராயம் கலந்த துடைப்பு நீரால் துடைத்தால் நுண்ணிய வெடிப்புக்கள் தோன்றும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயரன்று, பெருங்குடும்பத்தின் பெயர். அலுவலக மேசைகளில் காணும் பெயர்ப்பட்டைகள் பல, இரு நிற அடுக்குகள் கொண்ட பிளாஸ்டிக்கினால் ஆனவை. மேலடுக்கை ஒளி நீக்கினால் கீழடுக்கின் நிறம் எழுத்தாகத் தெரியும். பாலிகார்பனேட் பழுத்துக் கருகிப் பயனற்றுப் போகும். பி.வி.சி. என்பதோ லேசரின் அருகே கொண்டுவரவே தகாதது. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு எழும். ஈரத்தோடு கலந்தால் அதுவே அமிலம். நுரையீரலைப் புண்ணாக்கும்; பொறியின் இரும்பை அரித்துவிடும்.

என் மாணவர் இதைப் பட்டறிந்தார். தொழில் தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் வெண்பலகை ஒன்றைக் கொண்டுவந்து, "இதில் எழுதித் தாருங்கள்" என்றாராம். விளம்பரப் பலகை செய்வோர் ஃபோம் போர்டு என்று வழங்கும் பலகைகளுள் பல பி.வி.சி.யால் ஆனவை என்பதை அப்போது அவர் அறியவில்லை. மூடியைத் திறந்தபோது மூக்கும் தொண்டையும் எரிந்தன. இரண்டு நாள் இருமினார். ஒரு வாரத்தில் பொறியின் தண்டவாளத்தில் செந்துரு பூத்தது. கடனில் வாங்கிய பொறி அது. என்னிடம் வந்து சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஐயா, பார்த்தால் எல்லாப் பலகையும் ஒன்றுபோல இருக்கிறதே, எப்படித் தெரிந்துகொள்வது?" என்றார்.

"ஒன்பதாம் வகுப்பில் சுடர்ச் சோதனை செய்து காட்டினேனே, மறந்துவிட்டீர்களா?" என்றேன். செம்புக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பலகையின் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் நெருப்பில் காட்டவேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது எனக் கொண்டு விலக்கிவிட வேண்டும். சிறு துணுக்கில், காற்றோட்டமான வெளியிடத்தில் செய்தால் போதும். இன்று அவர் கடையில் ஒரு குறட்டின் நுனியில் செம்புக் கம்பி எப்போதும் தொங்குகிறது. தெரியாத பொருள் எதுவும் அச்சோதனைக்குப் பின்னரே பொறிக்குள் செல்கிறது.

மாணவரின் தவற்றைச் சொன்ன நான் என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். என்னோடு பணியாற்றி மறைந்த ஆசிரியர் ஒருவரின் நினைவாகப் பள்ளியில் அக்ரிலிக் பலகை ஒன்று வைப்பதென முடிவாயிற்று. வாசகத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. தெளிந்த அக்ரிலிக்கில் பின்புறத்திலிருந்து பொறிப்பதே வழக்கம். முன்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். அதற்காக எழுத்துக்களை ஆடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அமைப்பார்கள். அந்த மாற்றிய படிவமே கைப்பேசியில் எனக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிழைதிருத்திய கண் என்ற செருக்கினால், விரைவாகப் பார்த்து, "சரி" என்று விடை அனுப்பினேன்.

திறப்பு நாளன்று அந்த ஆசிரியரின் துணைவியார் பலகையின் அருகே வந்து, கணவரின் பெயரை விரலால் தொட்டுப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. மூன்று சுழி ணகரம் வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி னகரம் இருந்தது. அந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. "அவர் இந்த எழுத்தைத் தவறாக எழுதிய பிள்ளைகளைப் பத்துத் தடவை எழுதச் சொல்வார்" என்று மட்டும் மெதுவாகக் கூறினார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. சிலேட்டில் எழுதியது அழியும். தாளில் எழுதியதைத் திருத்தலாம். பொறித்ததை என் செய்வது? அக்ரிலிக்கில் அழிப்பதற்கு வழியில்லை. என் செலவில் தேக்குப் பலகையில் மறுபடி பொறிக்கச் செய்தேன். இம்முறை வாசகத்தை நேரான வடிவில், தாளில் எடுத்து, எழுத்து எழுத்தாக உரக்கப் படித்துப் பார்த்தேன். அம்மையாரையும் படிக்கச் சொன்னேன்.

தமிழ் எழுத்துக்கு இத்தொழிலில் தனிக் கவனம் வேண்டும். பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சிப் புள்ளி வைக்காமல் விட்டனர் என்பர். அதனால் மெய்யா, உயிர்மெய்யா என ஐயுற்று மயங்கிய இடங்கள் பல. இன்று அந்த இடர் வேறு உருவில் வருகிறது. எழுத்தின் உயரம் மூன்று மில்லிமீட்டரானால், புள்ளியின் அளவு ஒளிப்புள்ளியைப் போல இரண்டு மூன்று மடங்குதான் இருக்கும். மரத்தின் ஒரு நார் கருகினால் போதும், புள்ளி மறைந்துவிடும். எழுத்தை ஊடறுத்து அச்சுத்தகடு செய்தால் க, ண போன்றவற்றின் அடைபட்ட உட்பகுதி கழன்று விழும். அதனைத் தாங்கச் சிறு பாலம் விடவேண்டும். ஒரு கணிப்பொறியில் அமைத்த எழுத்துரு மற்றொரு கணிப்பொறியில் இல்லையென்றால், கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக நிற்கும். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி அனுப்பினால் இவ்விடர் நேராது.

கடற்கரையில் இப்பொறியை வைப்போருக்கு இன்னொரு தொல்லை உண்டு. என் மாணவர் மாமல்லபுரத்தில் சிறு கிளை ஒன்று தொடங்கி, கடற்கரைக் கோயிலின் படத்தைப் பலகையில் பொறித்து விற்கிறார். அங்கே உப்புக்காற்று ஆடிகளிலும் வில்லையிலும் மெல்லிய படலமாகப் படியும். படிந்த இடம் ஒளியை உறிஞ்சிச் சூடேறும். நாளடைவில் வில்லை வெடிக்கும். குழாயைக் குளிர்விக்கும் நீர் அளவுக்கு மேல் குளிர்ந்திருந்தால், குளிர்ந்த நீர் ஊற்றிய குவளையின் புறத்தே துளிகள் அரும்புவதுபோல் குழாயின்மேலும் ஈரம் அரும்பும். மின்னழுத்தம் மிகுந்த பொறிக்கு அது பெருங்கேடு.

இத்தனையும் கேட்டபின், மாமல்லபுரத்துச் சிற்பியின் உளிக்கு இனி வேலை இல்லையோ என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. லேசரைக் கருங்கல்லில் செலுத்தினால், பளபளப்பாகத் தேய்த்த மேற்பரப்பு நுண்ணியதாக வெடித்து வெளிறும். அதனால் உருவப்படம் தோன்றும். அது மேற்பரப்பில் வரையும் ஓவியமே. கல்லைக் குடைந்து உருவத்தை வெளிக்கொணர அதனால் இயலாது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் இன்றும் மாணவர்கள் உளி பிடிக்கக் கற்கிறார்கள். இவ்வூர்க் கற்சிற்பத்திற்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகையில் கையால் எழுத்து வெட்டியும் வண்ணம் தீட்டியும் பிழைத்தவர்களின் தொழில் நம் கண்முன்னே சுருங்கிவிட்டது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. என் மாணவர் தம் கடையில் அத்தகைய முதிய ஓவியர் ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார். எழுத்தின் வளைவும் இடைவெளியும் சரியா என்று சொல்வது அப்பெரியவர், சுடுவது பொறி. இருவரும் சேர்ந்து செய்த பலகைக்கும், பொறி மட்டும் செய்த பலகைக்கும் உள்ள வேறுபாடு பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது.

இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு மூன்று சொற்கள் சொல்வேன். பொருளை அறியாமல் ஒளியைச் செலுத்தாதீர்கள். பொறி ஓடும்போது அதனை விட்டு அகலாதீர்கள். அக்ரிலிக்கின் ஆவியும் மரமும் நொடியில் தீப்பற்றும். புகைபோக்கி இல்லாமலும், கண்ணுக்கு உரிய காப்பு இல்லாமலும் வேலை செய்யாதீர்கள். நான்காவதாகவும் ஒன்று உண்டு. அது எழுதத் தருவோருக்கும் உரியது: வாசகத்தை நேராகப் படியுங்கள்; உரக்கப் படியுங்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து போனபின், சாளுவன்குப்பத்தில் அதுவரை அறியப்படாத கல்வெட்டுக்கள் வெளிப்பட்டன. அவற்றைப் படித்தே, அங்கு முருகன் கோயில் ஒன்று இருந்ததை அறிந்து, தொல்லியல் துறையினர் மறு ஆண்டு அகழ்ந்து கண்டனர். கோயில் மண்ணுக்குள் மறைந்திருக்க, அதன் இருப்பைச் சொன்னவை எழுத்துக்களே. அவற்றை வெட்டியவன் யாரோ. கொடுத்த வாசகத்தைக் கருத்தோடு வெட்டினான். உளியால் பொறித்தாலும் ஒளியால் பொறித்தாலும் அக்கருத்து ஒன்றே.

பள்ளிக் கூடத்துத் தாழ்வாரத்தில் அந்தத் தேக்குப் பலகை இப்போது இருக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் நான் நின்று அந்த ணகரத்தை ஒருமுறை பார்த்துவிட்டே செல்கிறேன். மூன்று சுழிகளும் சரியாக இருக்கின்றன.